நாகசாகி: குருவில்லாத ஏழு தலைமுறைகள்

யாத்திரை என்றதும் நம் குடும்பங்களின் நினைவில் முதலில் எழுவது வேளாங்கண்ணி. அடுத்து பூண்டி, ஓரியூர், மணப்பாடு. கடல் கடந்து செல்லும் வசதி வாய்த்தவர்கள் ரோமாபுரியையும் லூர்து நகரையும் ஆண்டவர் நடந்த திருநாட்டையும் நாடுகிறார்கள். கிழக்கு நோக்கிப் புறப்படுவோர் மிகச் சிலரே. ஜப்பான் நாட்டின் தென்மேற்குக் கோடியில், கியூஷு தீவின் கரையில், மலைகளுக்கும் கடலுக்கும் இடையே நெருக்குண்டு கிடக்கும் நாகசாகியைத் திருத்தலமாக எண்ணிச் செல்வோர் அவர்களுள்ளும் அரியர். அந்தப் பெயரை உலகம் அணுகுண்டோடு சேர்த்தே அறிந்திருக்கிறது. குண்டு வெடித்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நின்றது ஒரு கத்தோலிக்கப் பேராலயம் என்பதையும், அதனால் மடிந்தவர்களில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் அந்தப் பங்கின் மக்கள் என்பதையும், அவர்களுடைய முன்னோர் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு குருவின் முகத்தைக்கூடக் காணாமல் வேதத்தைக் காத்தவர்கள் என்பதையும் அறிந்தவர் எத்தனை பேர்?

நமக்கும் அந்த நாட்டுக்கும் உள்ள உறவு புனித சவேரியாரிடம் தொடங்குகிறது. 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து, பரலோக மந்திரத்தையும் மங்கள வார்த்தை மந்திரத்தையும் தமிழில் மொழிபெயர்க்கச் செய்து, மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டி மனப்பாடம் செய்வித்த அதே சவேரியார், 1549 ஆகஸ்டு 15ஆம் நாள், தேவதாயின் மோட்ச ஆரோபணத் திருநாளன்று, ககோஷிமாத் துறையில் இறங்கி ஜப்பானில் வேதம் போதிக்கத் தொடங்கினார். அந்நாளில் நாகசாகி ஒரு சிறு மீனவர் குடியிருப்பு. 1563இல் ஞானஸ்நானம் பெற்ற ஓமுரா சுமிதாதா என்னும் சிற்றரசர் 1571இல் அத்துறையைப் போர்த்துக்கேயக் கப்பல்களுக்குத் திறந்துவிட்டார். ஒரு தலைமுறைக்குள் அது ஆலயங்கள் நிறைந்த கிறிஸ்தவ நகரமாயிற்று. வந்த வேகத்திலேயே வேதகலாபனையும் வந்தது.

நிஷிசாகாக் குன்று

இரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் நிஷிசாகா என்னும் சிறு குன்று. யாத்திரையை அங்கே தொடங்குவதே முறை. 1597 பிப்ரவரி 5ஆம் நாள் இருபத்தாறு பேர் அக்குன்றின்மேல் சிலுவையில் ஏற்றப்பட்டு ஈட்டியால் குத்துண்டு மாண்டனர். ஹிதேயோஷி என்னும் ஆட்சித் தலைவனின் கட்டளையால் கியோத்தோ நகரில் காதுமடல் அறுக்கப்பட்டு, கடுங்குளிரில் ஏறத்தாழ ஒரு மாத காலம் நடத்தி வரப்பட்டவர்கள் அவர்கள். புறப்பட்டபோது இருபத்து நால்வர். வழியில் அவர்களுக்கு உதவ வந்த இருவரும் பிடிபட்டு இருபத்தறுவராயினர். பிரான்சிஸ்கன் சபையார் ஆறு பேர். சேசு சபையைச் சேர்ந்த ஜப்பானியர் பவுல் மிக்கி முதலாக மூவர். ஏனைய பதினேழு பேரும் ஜப்பானியப் பொதுநிலையினர். லூயிஸ் இபராகி என்னும் சிறுவனுக்கு வயது பன்னிரண்டு.

அந்த ஆறு பிரான்சிஸ்கர்களுள் ஒருவர் நம் நாட்டவர் என்பதை ஏனோ நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. கொன்சாலோ கார்சியா என்னும் அந்தத் துறவற சகோதரர் பம்பாயை அடுத்த வசாயில் போர்த்துக்கேயத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்தவர். வணிகராக ஜப்பான் சென்று, அந்நாட்டு மொழியை நன்கு கற்று, பின்னர் துறவு பூண்டவர். 1862இல் ஒன்பதாம் பத்திநாதர் பாப்பரசர் இருபத்தாறு பேரையும் புனிதர் வரிசையில் சேர்த்தபோது, இந்திய மண்ணில் பிறந்து அப்பேறு பெற்ற முதல் புனிதரானார் அவர்.

புனிதர் பட்டத்தின் நூற்றாண்டு நினைவாக 1962இல் எழுப்பப்பட்ட நீண்ட சுவரில் இருபத்தாறு வெண்கலச் சுரூபங்கள் வரிசையாய் நிற்கின்றன. நிற்கின்றன என்று சொல்வது பிழை. பாதங்கள் எதன்மேலும் ஊன்றாமல், மேலெழும்பிச் செல்பவை போல் தொங்குகின்றன. ஃபுனாகோஷி என்னும் சிற்பி செய்தவை. 2019 நவம்பரில் பிரான்சிஸ் பாப்பரசர் அச்சுவரின்முன் நின்று செபித்தார்.

இவர்களுள் என் மனத்தில் அகலாமல் நிற்பவன் தோமாஸ் கொசாகி, பதினான்கு வயதுப் பையன். தகப்பனும் மகனும் சேர்ந்தே நடத்தி வரப்பட்டார்கள். வழியில் அவன் வீட்டிலிருந்த தாய்க்கு ஒரு கடிதம் எழுதினான். தகப்பனாரின் இரத்தம் தோய்ந்த ஆடையில் அது பின்னர் கண்டெடுக்கப்பட்டது. தம்பிமாரைப் பார்த்துக்கொள்ளும்படி வேண்டிய அந்தப் பிள்ளை, தாயின் மரணவேளையில் பாவசங்கீர்த்தனம் கேட்கக் குருவானவர் இல்லாமற் போனாலும் கலங்க வேண்டாம், பாவங்களுக்காக உள்ளம் நொந்து மனஸ்தாபப்பட்டால் போதும் என்று ஆறுதல் சொல்லியிருந்தான். அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கு அந்நாட்டுக் கிறிஸ்தவர்கள் எதைப் பற்றிக்கொண்டு வாழப் போகிறார்களோ அதையே அந்தச் சிறுவன் முன்னதாக எழுதிவைத்துப் போனான்.

வீடே கோவில்

1614இல் நாடு முழுவதும் கிறிஸ்தவ வேதம் தடை செய்யப்பட்டது. ஆலயங்கள் இடிக்கப்பட்டன. குருக்கள் நாடு கடத்தப்பட்டனர். ஒளிந்திருந்தவர்கள் பிடிபட்டுக் கொல்லப்பட்டனர். கடைசியாக எஞ்சியிருந்த மான்சியோ கொனிஷி என்னும் ஜப்பானியக் குரு 1644இல் வேதசாட்சியாய் மரித்தார். கிறிஸ்தவனைக் காட்டிக் கொடுப்பவனுக்கு வெள்ளிக்காசு பரிசு என்று தெருவெங்கும் பலகைகள். ஒவ்வொரு குடும்பமும் ஒரு புத்தமடத்தில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். ஆண்டுதோறும் புத்தாண்டையொட்டி, ஆண்டவருடைய அல்லது தேவதாயாருடைய உருவம் பதித்த தகட்டை வீட்டிலுள்ளோர் அனைவரும், கைக்குழந்தைகள் உட்பட, அதிகாரிகளின் முன் காலால் மிதித்துக் காட்ட வேண்டும். ஃபூமியே என்பது அதன் பெயர்.

இந்நிலையில் வேதம் எப்படி உயிர்பிழைத்தது? உராகாமி போன்ற சிற்றூர்களில் மக்கள் தங்களுக்குள்ளேயே பொறுப்புகளைப் பகிர்ந்துகொண்டனர். ஒருவர் நாட்காட்டிக்காரர்: திருநாட்களையும் தபசுகாலத்தையும் ஒருசந்தி நாட்களையும் கணக்கிட்டு வைப்பவர். மற்றொருவர் நீர் வார்ப்பவர்: பிறந்த குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர். இன்னொருவர் செய்தி சொல்பவர்: இன்ன நாள் இன்ன திருநாள் என்று வீடு வீடாய் அறிவிப்பவர். மூவரும் நிலத்தில் உழைத்த குடியானவர்களே. நம்மூர் உபதேசியாரையும் கோவில்பிள்ளையையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குமேல் சுவாமியார் என்று ஒருவர் இல்லை என்பதையும் சேர்த்து நினையுங்கள். செபங்களை ஓராஷோ என்றார்கள். இலத்தீன் மொழியின் ஒராசியோ அது. தாய்மார் அதை முணுமுணுப்பாய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். கையில் குழந்தை ஏந்திய கண்ணோன் என்னும் புத்தமதப் பெண் தெய்வத்தின் வெண்பீங்கான் சிலையை வீட்டில் வைத்து, அதன்முன் தேவதாயை வணங்கினார்கள். புத்தபிக்கு வந்து ஈமச்சடங்கு செய்யும்போது, அடுத்த அறையில் ஒருவர் அமர்ந்து அந்த மந்திரத்தின் பலனை நீக்கும்படி செபித்துக்கொண்டிருப்பார்.

1603இல் அச்சிடப்பட்ட உத்தம மனஸ்தாபம் பற்றிய சிறு நூல் ஒன்று அவர்களுக்குப் பெருந்துணையாயிற்று. ஃபூமியேயை மிதித்துவிட்டு வீடு திரும்பியவர்கள் முழந்தாளிட்டு மனஸ்தாப மந்திரம் சொன்னார்கள். அடுத்த ஆண்டும் மிதித்தார்கள். அடுத்த ஆண்டும் அழுதார்கள். எண்டோ ஷுசாக்கு 1966இல் எழுதிய 'மௌனம்' என்னும் நாவலும், 2016இல் வெளிவந்த அதன் ஆங்கிலத் திரைப்படமும் இந்தக் காயத்தை உலகறியச் செய்தன. மிதித்தது பாவமா என்று கேட்டால், வேதசாஸ்திரத்தின் பதிலைக் குருமடத்தில் படித்த எவரும் சொல்லிவிடலாம். ஆனால் மிதிக்க மறுத்தவர்கள் பெரும்பாலும் குடும்பத்தோடு அழிந்தார்கள் என்பதையும், பின்னாளில் ஓவுரா ஆலயத்தின் வாசலுக்கு வந்து நின்றவர்கள் மிதித்தவர்களின் பேரப்பிள்ளைகளே என்பதையும் எண்ணும்போது, அந்தப் பதிலை உரத்த குரலில் சொல்ல எனக்கு நா எழவில்லை.

இனி அந்த ஓவுரா ஆலயம். 1850களில் ஜப்பான் மீண்டும் அயல்நாட்டுக் கப்பல்களுக்குத் திறந்தது. வெளிநாட்டவருக்கென்று மட்டும் ஓர் ஆலயம் கட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது. அதைக் கட்டியவர்கள் பாரீஸ் வேதபோதகச் சபையார். 1776 முதல் புதுச்சேரியிலும் பின்னர் கோவை, சேலம், கும்பகோணம் பகுதிகளிலும் நம் முன்னோருக்கு ஞானமேய்ப்பராயிருந்த அதே சபையார். இருபத்தாறு வேதசாட்சிகளின் பெயரால், அவர்கள் மரித்த குன்றை நோக்கியபடி, 1865 பிப்ரவரியில் ஆலயம் அபிஷேகமாயிற்று. மார்ச் 17, வெள்ளிக்கிழமை நண்பகலில் பெர்னார்டு பெட்டிஜான் என்னும் குரு வாசலில் பதினைந்து பேரளவில் ஒரு கூட்டத்தைக் கண்டார். உள்ளே அழைத்துச் சென்று அவர் செபித்துக்கொண்டிருக்கையில் ஒரு பெண் அருகே வந்து, தங்கள் இருதயமும் அவருடைய இருதயமும் ஒன்றே என்று மெல்லச் சொன்னாள். அடுத்து அவள் கேட்டது, மரியன்னையின் சுரூபம் எங்கே என்பது.

தாங்கள் இப்போது துயரகாலத்தில் இருப்பதாகவும் அவர்கள் அவரிடம் சொன்னார்கள். அன்று தபசுகாலத்தின் பதினேழாம் நாள். நாள் தவறவில்லை! உரோமையிலிருந்து ஒரு கடிதமும் வராமல், ஒரு குருவும் சொல்லாமல், உழவர் வீடுகளில் கணக்கிடப்பட்டு வந்த நாட்காட்டி அது. ஏழு தலைமுறைக்குப் பின் கறுப்புக் கப்பல்களில் குருக்கள் வருவார்கள் என்று பஸ்தியான் என்னும் பழைய உபதேசியார் சொல்லிச் சென்றதாக அவர்களிடையே ஒரு வாக்கு வழங்கிவந்தது. வந்தவர்கள் மெய்யான குருக்கள்தாமா என்று அறிய, அவர்கள் உரோமைப் பாப்பரசருக்குக் கீழ்ப்படிந்தவர்களா, தேவதாயை வணங்குகிறவர்களா, மணமாகாதவர்களா என்று அவர்கள் விசாரித்தார்கள்.

அந்த மாதா சுரூபம் இன்றும் அதே ஆலயத்தில் இருக்கிறது. செங்கல்லால் ஆன கட்டடம். ஜப்பானிய அரசு தேசியச் செல்வமாகப் பாதுகாக்கிறது. 2018இல் நாகசாகி வட்டாரத்தின் மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர் தலங்கள் பன்னிரண்டில் ஒன்றாக உலக மரபுச் செல்வமாகவும் ஏற்கப்பட்டது. நான் அங்கே வெகுநேரம் அமர்ந்திருந்தபோது சுற்றுலாக் கூட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து போயின. ஒரு பங்குக் குருவுக்கு அந்த இடம் அவ்வளவு சுகமான இடமன்று. நாளைக்கு நான் இல்லை, எனக்குப் பின் இருநூறு ஆண்டு ஒருவரும் இல்லை என்றால், என் பங்கின் வீடுகளில் எத்தனை வீட்டில் மாலைச் செபம் மிஞ்சும்? ஞானஸ்நானம் கொடுக்கும் முறை எத்தனை தகப்பன்மாருக்குத் தெரியும்? பூசைக்கு நேரமாயிற்று என்று மணியடித்து மணியடித்துப் பழகிய நமக்கு, மணியே இல்லாத கோவிலை எண்ணிப் பார்க்க இயலவில்லை.

பாதிரிமார் விட்டுச் சென்ற பலகாரம்

ஊர்ப் பண்டங்களைப் பற்றிச் சொல்லாமல் யாத்திரைக் கட்டுரை எழுதினால் நம் தாய்மார் மன்னிக்கமாட்டார்கள். நாகசாகியின் வரலாற்றைப் பாதி அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். மீதியைத் தின்றுதான் அறிய வேண்டும்.

1630களில் கடலைத் தூர்த்து விசிறி வடிவில் தெஜிமா என்னும் சிறு தீவைக் கட்டினார்கள். போர்த்துக்கேயரை ஊருக்குள் விடாமல் அதில் அடைத்துவைப்பதற்காக. 1639இல் அவர்களையும் விரட்டியபின், 1641 முதல் டச்சு வணிகர் அங்கே குடியேறினர். வேதம் பேசமாட்டோம், வணிகம் மட்டுமே செய்வோம் என்பது அவர்கள் கொள்கை. இதே டச்சுக் கம்பெனிதான் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, அங்கிருந்த நம் தமிழ்க் கத்தோலிக்கரின் குருக்களைத் துரத்தியது. 1687இல் கோவாவிலிருந்து பிச்சைக்காரனைப் போல் வேடமிட்டு, கழுத்தில் செபமாலையோடு முனிதர் யோசேப் வாஸ் யாழ்ப்பாணத்தில் வீடு வீடாய்ச் சென்று மறைந்திருந்த கத்தோலிக்கரைத் தேடிக் கண்டது ஓவுரா நிகழ்ச்சிக்கு மூத்த சகோதரி எனலாம். 2015இல் அவர் புனிதர் பட்டம் பெற்றார். இன்று தெஜிமாவைச் சுற்றிலும் நிலமாகிவிட்டது. பழைய வீடுகளை மறுபடி கட்டி, ஒரு பாலமும் அமைத்து, காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

போர்த்துக்கேயர் போனார்கள், அவர்கள் கற்றுக்கொடுத்த காஸ்டெரா போகவில்லை. முட்டை, சீனி, மாவு, சிறிது பாகு, இவ்வளவே. வெண்ணெயும் கிடையாது, எண்ணெயும் கிடையாது. நீளமான சதுரக் கட்டியாகச் சுட்டு, துண்டு போடுகிறார்கள். அடிப்பக்கத்தில் கரையாத சீனிக்கற்கள் பல்லில் நறநறக்கும். அதுதான் அதன் இலட்சணம். காஸ்தீலியா நாட்டின் ரொட்டி என்ற பொருளில் வந்த பெயராம். 1624இல் தொடங்கிய ஃபுக்குசாயா என்னும் கடை இன்றும் அதைச் செய்து விற்கிறது. அந்த ஆண்டை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். வேதகலாபனை உச்சத்திலிருந்த காலம்! பாதிரிமாரைத் தேடித்தேடிக் கொன்ற ஊர், பாதிரிமாரின் நாட்டுப் பலகாரத்தை மட்டும் அடுப்பிலேற்றி ஆற அமரத் தின்றுகொண்டிருந்தது.

தெம்புரா என்று இறாலையும் மீனையும் காய்கறியையும் மாவில் தோய்த்துப் பொரிக்கிறார்களே, அந்தப் பெயர் முற்காலத்தில் ஆண்டுக்கு நான்குமுறை வந்த 'தெம்போரா' என்னும் ஒருசந்தி நாட்களிலிருந்து வந்தது என்பது ஒரு சாராரின் கருத்து. சுத்தபோசனமாகையால் இறைச்சியை விட்டு மீனைப் பொரித்தார்கள் என்பர். வேறு சாரார் போர்த்துக்கேய மொழியின் வேறொரு சொல்லைக் காட்டுவர். வழக்கு முடியவில்லை. ஒன்று உறுதி: ரொட்டிக்கு ஜப்பானியர் சொல்லும் 'பான்' என்பதும் யாழ்ப்பாணத்தார் சொல்லும் 'பாண்' என்பதும் ஒரே போர்த்துக்கேயத் தாயின் பிள்ளைகள். நாம் 'பாதிரி' என்பதை அவர்கள் 'பத்தேரன்' என்றார்கள்.

நாகசாகியில் சீனரும் பெருந்தொகையாய் வாழ்ந்தனர். 1620களில் அவர்கள் எழுப்பிய கோஃபுக்குஜி, சோஃபுக்குஜி என்னும் செந்நிறக் கோயில்கள் இன்றும் கண்ணைக் கவர்கின்றன. தாங்கள் கிறிஸ்தவர்களல்லர் என்று அதிகாரிகளுக்கு நிரூபிக்கவும் அவை பயன்பட்டன என்று அறியும்போது அந்தச் சிவப்பு வேறு விதமாய்த் தெரிகிறது. சீனர் வழிவந்த உணவு சாம்போன். 1899இல் ஷிக்காய்ரோ என்னும் உணவுச்சாலையை நிறுவிய ஃபூக்கியன் மாநிலத்துச் சீனர் ஒருவர், ஏழைச் சீன மாணவர்கள் குறைந்த செலவில் வயிறார உண்ண வேண்டுமென்று ஆக்கியது. முட்டைக்கோசு, முளைகட்டிய பயறு, பன்றியிறைச்சி, இறால், கணவாய் எல்லாவற்றையும் வதக்கி, பால்போன்ற எலும்புச் சாற்றில் தடித்த மாவிழைகளோடு ஒரே சட்டியில் வேகவைத்துப் பெரிய கிண்ணத்தில் தருகிறார்கள். ஒரு கிண்ணம் ஒருவருக்கு மிகுதி. வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் அனுசரிக்கிறவர்கள் அன்று இதைத் தவிர்த்து மீன் வாங்கிக்கொள்வது நலம். நல்ல மீனுக்கு அவ்வூரில் குறைவே இல்லை.

உராகாமி

நகரத்து மின்சார டிராம் வண்டியில் வடக்கே சென்றால் உராகாமி. ஓவுராவுக்கு வந்த அந்தப் பதினைந்து பேரின் ஊர். இரகசியம் வெளிப்பட்டபின் நடந்தது என்ன? தடைச் சட்டம் இன்னும் நீங்கவில்லை. 1867இல் பிடித்தார்கள், உராகாமியின் ஏறத்தாழ 3400 கிறிஸ்தவர்களையும் பகுதி பகுதியாய்ப் பிரித்து நாட்டின் பல திசைகளுக்கு நாடு கடத்தினார்கள். பசியாலும் குளிராலும் சித்திரவதையாலும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். மேலைநாட்டு அரசுகளின் கண்டனத்துக்குப்பின் 1873இல் தடைப்பலகைகள் அகற்றப்பட்டன. எஞ்சியவர்கள் வீடு திரும்பினர். அந்தக் கொடிய ஆண்டுகளை உராகாமி மக்கள் தங்கள் பேச்சில் 'பயணம்' என்றே சொல்லி வந்தார்கள்.

திரும்பியவர்களிடம் கலப்பை இல்லை, பானை இல்லை. ஆயினும் தங்கள் முன்னோர் ஆண்டுதோறும் ஃபூமியே மிதித்த ஊர்த்தலைவரின் வீட்டுமனையையே விலைக்கு வாங்கினார்கள். 1895இல் அங்கே செங்கல் ஆலயம் கட்டத் தொடங்கி, 1914இல் அபிஷேகம் செய்து, 1925இல் இரு கோபுரங்களையும் முடித்தார்கள். கிழக்காசியாவிலேயே பெரிய ஆலயம் அது.

1945 ஆகஸ்டு 9, வியாழக்கிழமை, முற்பகல் 11 மணி 2 நிமிடம். வேறொரு நகருக்கு எடுத்துச் சென்ற குண்டு, அங்கே வானம் தெளியாததால் நாகசாகிக்குத் திருப்பப்பட்டது. தேவதாயின் மோட்ச ஆரோபணத் திருநாளுக்கு ஆயத்தமாக உராகாமி ஆலயத்தில் குருக்கள் இருவர் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆலயத்துக்கு அரைக் கிலோமீட்டர் தொலைவில் வானத்தில் குண்டு வெடித்தது. குருக்களும் உள்ளே இருந்தோரும் அப்படியே மாண்டனர். பங்கிலிருந்த ஏறத்தாழ 12000 பேரில் 8500 பேர் இறந்தனர். இருநூற்றைம்பது ஆண்டு அரசாங்கம் முயன்றும் அழிக்க முடியாத கிறிஸ்தவக் கூட்டத்தில் பெரும்பங்கை, கிறிஸ்தவர்கள் மலிந்த ஒரு நாட்டின் விமானம் கணப்பொழுதில் அழித்தது.

டாக்டர் தகாஷி நாகாய் என்னும் கதிரியக்க மருத்துவர் அன்று மருத்துவக் கல்லூரியில் இருந்தார். காயத்தோடு பிழைத்து, நோயாளிகளைக் கவனித்தார். வீடு திரும்பியபோது மனைவி மிதோரி இருந்த இடத்தில் சாம்பலும் எலும்புகளும், உருகிய செபமாலையும். உராகாமியின் பரம்பரை நாட்காட்டிக்காரர் குடும்பத்தில் பிறந்தவர் அந்த அம்மையார். நாகாயை வேதத்துக்குக் கொண்டுவந்ததும் அவ்வீட்டு வாழ்க்கையே. இரண்டு பாய் விரிக்கும் அளவான குடிசையில் நோயாளியாய்ப் படுத்துக்கொண்டு அவர் நூல்கள் எழுதினார். 1951இல் 43ஆம் வயதில் காலமானார். அக்குடிசையை இன்றும் காணலாம். இறந்தோருக்கான வழிபாட்டில் அவர், உராகாமி உலக சமாதானத்துக்காகத் தெரிந்தெடுக்கப்பட்ட தகனபலி என்று பேசினார். அழுதவர்களுக்கு அது ஆறுதலாயிருந்தது. ஏற்க மறுத்தவர்களும் உண்டு. 1981இல் ஹிரோஷிமாவில் இரண்டாம் அருள் சின்னப்பர் பாப்பரசர், யுத்தம் மனிதன் செய்வது என்று அழுத்திச் சொன்னார். மனைவியின் எலும்பைக் கையால் பொறுக்கியவர் சொன்ன சொல்லை நான் மறுத்துப் பேசமாட்டேன். ஆனால் எந்தப் பிரசங்க மேடையிலிருந்தும் அதை நான் எடுத்துச் சொல்லவும்மாட்டேன்.

1959இல் ஆலயம் மறுபடி எழுந்தது. ஒரு சிற்றாலயத்தில், இடிபாடுகளில் கிடைத்த மரத்தாலான மாதா சுரூபத்தின் தலையை மட்டும் வைத்திருக்கிறார்கள். கண்கள் எரிந்து குழியாய், ஒரு கன்னம் கருகி இருக்கும் அம்முகத்தின் எதிரே செபமாலை சொல்லும் மூதாட்டிகளைக் கண்டேன். பூசைக்கு வரும் பெண்கள் பலர் நம்மூர்ப் பெண்களைப்போலவே வெள்ளை முக்காடு இடுகிறார்கள். இரண்டு மணிகளில் ஒன்று குண்டுக்குத் தப்பியது. 1945 கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் அதைத் தோண்டியெடுத்துக் கட்டி ஒலிக்கச் செய்தார்கள். அழிந்துபோன மற்ற மணிக்குப் பதிலாக அமெரிக்கக் கத்தோலிக்கர் காணிக்கை திரட்டி வார்ப்பித்த புதிய மணியும் பழைய மணியும் 2025 ஆகஸ்டு 9ஆம் நாள், 11 மணி 2 நிமிடத்துக்கு, எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு சேர்ந்து ஒலித்தன.

கிழங்கு விளைந்த தீவுகள்

நேரம் உள்ளவர்கள் நகரோடு நின்றுவிடலாகாது. மேற்குக் கரையில் சொத்தோமே என்னும் வறண்ட மலைப்பாங்கு. 1879இல் அங்கே பங்குக் குருவாய் வந்த மார்க் தெ ரோ அடிகளார் செல்வக் குடும்பத்தில் பிறந்த பிரெஞ்சுக்காரர். தம் சொத்தையெல்லாம் செலவிட்டு, கணவனையும் மகனையும் கடலுக்குப் பறிகொடுத்த பெண்களுக்கு நெசவும் ரொட்டி சுடவும் மாவிழை செய்யவும் கற்றுக்கொடுத்தார். நம் சேமியாவைப்போல் மெல்லிய அந்த மாவிழைக்குக் கடலை எண்ணெய் தடவிக் காயவைக்கும் முறை அவருடையது. இன்றும் அவர் பெயராலேயே கடைகளில் கிடைக்கிறது. ஆலயம் கட்டிய குருக்களை நாம் கல்வெட்டில் பொறிப்போம். சேமியாப் பொட்டலத்தில் பெயர் பொறிக்கப்பெற்ற குரு எனக்குத் தெரிந்து இவர் ஒருவரே. தாய்நாடு திரும்பாமலே 1914இல் மரித்தார்.

சொத்தோமேயின் கிறிஸ்தவர்கள் 1797 முதல் கடல் கடந்து கோத்தோ தீவுகளில் குடியேறினார்கள். நல்ல நிலமெல்லாம் முன்பே பிறர் வசம். இவர்களுக்குக் கிடைத்தவை செங்குத்தான சரிவுகள். அங்கே நெல் விளையாது, சர்க்கரைவள்ளிக்கிழங்கு விளைந்தது. அதைச் சீவி, வேகவைத்து, கடற்காற்றில் உலர்த்தி ஆண்டு முழுவதும் உண்டார்கள். இன்று அந்த வற்றலைப் பசையரிசியோடு சேர்த்து இடித்து, கங்கோரோ மோச்சி என்னும் இனிப்பாக்கி விற்கிறார்கள். துண்டு போட்டு அனலில் வாட்டித் தின்ன வேண்டும். நகரத்துக் காஸ்டெராவை ஒரு கையிலும் இதை மறுகையிலும் வைத்துப் பாருங்கள். வேதத்தைத் தடுத்தவர்கள் எதைத் தின்றார்கள், காத்தவர்கள் எதைத் தின்றார்கள் என்பது விளங்கும்.

ஹிசாக்காத் தீவில் 1868இல் ஏறத்தாழ 200 கிறிஸ்தவர்களை, நம் வீட்டு அறை இரண்டின் அளவே உள்ள ஒரு குடிசைக்குள் எட்டு மாதம் அடைத்துவைத்தார்கள். படுக்கவும் இடமின்றி நின்றபடியே இருந்தார்கள். 42 பேர் இறந்தார்கள்; அவர்களில் பலர் குழந்தைகள். அவ்விடத்தில் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. கஷிராகஷிமா என்னும் தீவில் பங்குமக்களே கல் வெட்டிச் சுமந்து கட்டிய கற்கோவில் 1919இல் முடிந்தது. அதை வடிவமைத்த தெத்சுகாவா யோசுகே அப்பகுதியில் எத்தனையோ ஆலயங்களைக் கட்டியவர். இறுதிவரை புத்தமதத்தவராகவே இருந்தார்.

ஒரு செய்தி மீதமிருக்கிறது; ஆலய வரலாறுகள் அதைச் சுருக்கியே சொல்லும். தடை நீங்கியபின் எல்லோரும் தாய்த் திருச்சபைக்குத் திரும்பிவிடவில்லை. சவேரியார் 1550இல் சென்ற ஹிராதோவை அடுத்த இக்கிட்சுக்கித் தீவில் ஒரு சாரார், முன்னோர் கையளித்த முறையே தங்களுக்குப் போதுமென்று விலகி நின்றார்கள். பொருள் முற்றும் விளங்காத இலத்தீன் சொற்கள் கலந்த ஓராஷோவை அவர்கள் மனப்பாடமாய் ஓதினார்கள். வேதசாட்சிகள் கொலையுண்ட நகாயே என்னும் பாறைத்தீவுக்குப் படகில் சென்று, கல்லிடுக்கில் கசியும் நீரை ஞானஸ்நானத்துக்கு எடுத்துவந்தார்கள். அந்த நீருக்குப் புனித அருளப்பரின் நீர் என்று பெயர். இன்று ஓதத் தெரிந்தவர்கள் முதியோர் சிலரே. பிள்ளைகள் வேலைதேடி நகரங்களுக்குப் போய்விட்டார்கள். இரண்டரை நூற்றாண்டு வாளுக்கு அசையாத செபம், பேருந்துக்கும் தொழிற்சாலைக்கும் முன் அடங்கிக்கொண்டிருக்கிறது. அவர்களைத் திருச்சபைக்கு வெளியே நின்றவர்கள் என்று எளிதாய்ச் சொல்லிவிடலாம். வீட்டில் தாய் தந்தையர் சொன்னபடி செய்வதைத் தவிர வேறு திருச்சபையை அறியாதவர்கள் அவர்கள் என்பதும் உண்மை.

செல்ல விரும்புவோருக்குச் சில சொற்கள். நகரத்துக்கு மூன்று நாளும் கோத்தோவுக்கு இரண்டு நாளும் குறைந்தது வேண்டும்; தீவுகளுக்கு நாகசாகித் துறையிலிருந்து கப்பல் உண்டு. வசந்தகாலமும் இலையுதிர்காலமும் இதமானவை. பிப்ரவரி 5ஆம் நாளையொட்டிச் செல்வோர் கம்பளி ஆடை கொண்டுபோக வேண்டும். ஓவுராவின் பழைய ஆலயத்துக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. உள்ளே படம் எடுக்கலாகாது. அன்றாடத் திருப்பலி அருகிலுள்ள 1975ஆம் ஆண்டு ஆலயத்தில் நடைபெறுகிறது. தீவுகளின் ஆலயங்கள் சின்னஞ்சிறு பங்குகளுக்குரியவை. பார்வைக்கு வருவதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அங்கெல்லாம் காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். அதை மட்டும் நம்மவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.